டெல்லியில் கடைசி நாள் திங்கட்கிழமையாக அமைந்துவிட்டது. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

உறையூர் வாசகி:

டெல்லியில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு வருகிறோம். நான், கணவர், மாமியார் (72 வயது, முட்டி வலி, மெதுவாக நடப்பார், படி ஏறினால் சிரமம்), 11 வயது மகன். தங்குவது கரோல் பாக்.

26 சனிக்கிழமை இந்தியா கேட், கடைவீதி. 27 ஞாயிறு ஆக்ரா போய்த் திரும்புகிறோம். 28 திங்கள் இரவு 9 மணி வாக்கில் புது டெல்லி நிலையத்திலிருந்து சென்னைக்கு ரயில். அந்தத் திங்கட்கிழமை முழுவதும் கையில் இருக்கிறது என்பதால் செங்கோட்டை, ஜும்மா மசூதி, குதுப் மினார், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், பங்களா சாஹிப் குருத்வாரா எல்லாவற்றையும் அன்றைக்கு வைத்திருக்கிறோம். எந்த வரிசையில் போனால் முடியும்? பெட்டிகளை எங்கே வைப்பது? முருகன் கோயிலான மலை மந்திரையும் சேர்க்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை.

முனிர்கா வாசி:

முதலில் கிழமையைக் கவனியுங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை. அக்ஷர்தாம் விடுமுறை. தாமரைக் கோயிலும் விடுமுறை. உங்கள் பட்டியலில் பாதி அன்றைக்குப் பூட்டியிருக்கும். தேசிய அருங்காட்சியகமும் காந்தி ஸ்மிருதியும்கூட அப்படித்தான். ஆட்டோக்காரர் இதைச் சொல்ல மாட்டார், வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடுவார்.

திங்களன்று திறந்திருப்பவை குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஜும்மா மசூதி, பங்களா சாஹிப், மலை மந்திர். ஒரு நாளுக்கு இவையே அதிகம். பட்டியலில் நீங்கள் போடாத ஹுமாயூன் கல்லறையைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ஜும்மா மசூதியைத் திங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் கிழக்கு வாசலில் 35 படி, வடக்கில் 39, தெற்கில் 33. எந்தப் பக்கம் போனாலும் மாமியாருக்குக் கஷ்டம்.

வரிசைக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான். சீக்கிரம் நடை சாத்தும் இடம் முதலில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய இடம் நடுவில், மூடுகிற நேரமே இல்லாத இடம் கடைசியில். அதாவது மலை மந்திர், குதுப், ஹுமாயூன், பங்களா சாஹிப். இன்னொரு வசதி, தெற்கே போய்விட்டு வடக்கே திரும்பி வருகிற பாதை இது. கடைசி இடத்திலிருந்து ரயில் நிலையம் மூன்று கிலோமீட்டர் போல. ரயில் நாளில் கடைசியாகப் பார்க்கும் இடம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் குதுப் இருக்கும் மெஹ்ரோலியில் நின்றுகொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுவது வேண்டாத வேலை.

குதுப்பை முதலில் வைத்துக் காலை ஏழுக்கே போகச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் அது சரி. டிசம்பர் கடைசியில் சூரியன் எழவே ஏழு தாண்டிவிடும், அதன் பிறகும் மூடுபனி நிற்கும். 72.5 மீட்டர் கோபுரத்தில் கீழ் அடுக்கு மட்டும் தெரியும், மேலே வெள்ளையாக இருக்கும். பத்து, பத்தரைக்குப் பிறகு போனால் பெரும்பாலும் விலகியிருக்கும். பனி நேரத்தைக் கோயிலில் கழியுங்கள்.

மலை மந்திர் ஆர்.கே.புரம் செக்டார் 7-இல். உத்தர சுவாமிமலை என்பது பெயர், சுவாமிநாதசுவாமி சன்னதி குன்றின் மேல். 1973-இல் கும்பாபிஷேகம். வெளியே ‘யாமிருக்க பயமேன்’ என்று தமிழிலேயே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். கீழேயே கற்பக விநாயகர், மீனாட்சி, சுந்தரேசுவரர் சன்னதிகள் இருக்கின்றன. மாமியாரால் படி ஏற முடியாவிட்டாலும் கீழே நிறைவாகத் தரிசனம் செய்து உட்காரலாம், மற்றவர்கள் மேலே போய் வரலாம். நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள், எனவே எட்டரைக்கு அங்கே இருங்கள். அங்கிருந்து குதுப் அரை மணி நேரம்.

குதுப்பில் டிக்கெட் கவுன்ட்டர் நுழைவாயிலில் இல்லை, சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. இது தெரியாமல் மாமியாரை இரண்டு முறை சாலை கடக்க வைக்காதீர்கள். முந்தின நாளே தொல்லியல் துறை இணையதளத்தில் எடுத்துவிட்டால் தலைக்கு 35 ரூபாய், நேரில் 40. 15 வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. தரை பெரும்பாலும் சமம், சக்கர நாற்காலி வாசலில் கேட்டால் கிடைக்கும். தண்ணீர் கொண்டுபோகலாம், சாப்பாட்டுப் பொட்டலத்தை விட மாட்டார்கள்.

மினாருக்குள் ஏற முடியுமா என்று பையன் கேட்பான். 379 படிகள் இருக்கின்றன, ஆனால் 1981 டிசம்பரில் உள்ளே நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்த பிறகு மூடிவிட்டார்கள். வெளியிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. முதல் அடுக்கில் வரிகள் ஒன்றுவிட்டு ஒன்று வட்டமும் கூர்மையுமாக வரும், இரண்டாவதில் வட்டம் மட்டும், மூன்றாவதில் கூர்மை மட்டும். அதற்கு மேல் வெள்ளைப் பளிங்கு தெரிகிறதே, அது பிரோஸ் ஷா துக்ளக் மின்னல் தாக்கிய பிறகு 1369-இல் கட்டியது. ஒரே கோபுரத்தில் கை மாறிய இடம் கண்ணுக்குத் தெரியும்.

இரும்புத் தூணை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 7.2 மீட்டர், ஆறு டன்னுக்கு மேல், குப்தர் காலத்தது. மேலே இருக்கும் கல்வெட்டு அதை விஷ்ணுவின் கொடிக்கம்பம் என்கிறது, நம்மூர்க் கொடிமரம் போல. வேறெங்கோ நின்றிருந்ததை இங்கே கொண்டுவந்தார்கள். துருப்பிடிக்காததற்குக் காரணம் இரும்பில் இருக்கும் அதிகப்படியான பாஸ்பரஸ். அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாகப் படிந்துவிடுகிறது. முன்பெல்லாம் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்துப் பார்ப்பார்கள். வியர்வை பட்டுப் பட்டு அந்தப் படலம் தேய்ந்ததால் 1997-இல் வேலி போட்டுவிட்டார்கள்.

சுற்றியிருக்கும் மசூதியின் தூண்களை மாமியாருக்குக் காட்டுங்கள். 27 இந்து, சமணக் கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக வாசல் கல்வெட்டே சொல்கிறது. சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம் எல்லாம் நம் கோயில் தூண்களில் பார்த்ததுதான், உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

கரோல்பாக் 73:

வரிசை சரி. பெட்டி விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் நாள் கெடுவது பெரும்பாலும் பெட்டியால்தான்.

கரோல் பாக் விடுதிகளில் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள், காசு கேட்பதில்லை. எளிதாகத் தோன்றும். ஆனால் மாலையில் பங்களா சாஹிபிலிருந்து கரோல் பாக் திரும்பி, பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி நிலையத்துக்கு வர வேண்டும். மெட்ரோ என்றால் நீல வழித்தடத்தில் வந்து ராஜீவ் சௌக்கில் மஞ்சளுக்கு மாற வேண்டும். மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை ராஜீவ் சௌக்கில் பெட்டியும் முட்டி வலியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டாக்ஸி என்றால் பஞ்ச்குயியாங் சாலையிலும் பஹாட்கஞ்சிலும் நின்று நின்றுதான் வரும்.

அதற்குப் பதில் காலை ஏழு மணிக்கே அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளைப் புது டெல்லி நிலைய க்ளோக் ரூமில் (பயணிகளின் பெட்டிகளை வைத்துக்கொள்ளும் அறை) போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கரோல் பாக்கிலிருந்து கால் மணி நேரப் பயணம். ஒவ்வொரு பையும் பூட்டியிருக்க வேண்டும், அது முக்கியம். ஜிப் வைத்த முதுகுப்பையைப் பூட்டில்லாமல் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், வெளியே வந்து சின்னப் பூட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கிளம்பும்போதே நான்கு பூட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ரசீதைப் படம் எடுத்துக்கொண்டு அசலைக் கணவர் பையில் வையுங்கள், தொலைந்தால் பெட்டியை மீட்பது பெரிய பாடு.

மாமியாரின் மாத்திரை, ஒரு சால்வை, மாற்றுக் காலுறை, தண்ணீர், பையனுக்கு ஸ்வெட்டர், இவ்வளவும் தனிப் பையில். இரவு ரயிலுக்கான பொருளைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

நிலையத்துக்கு இரண்டு முகம். பஹாட்கஞ்ச் பக்கம் ஒன்றாம் நடைமேடை, அஜ்மீரி கேட் பக்கம் பதினாறு. மெட்ரோ அஜ்மீரி கேட் பக்கம். காலையில் பெட்டி கொடுக்கும்போதே எந்தப் பக்கக் க்ளோக் ரூம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் தவறான பக்கம் வந்தால் முழு மேம்பாலமும் கடக்க வேண்டும், பெட்டியோடு இருபது நிமிடம் போய்விடும்.

இன்னொன்று. நிலைய வாசலில் ‘உங்க ரயில் கேன்சல், டிக்கெட்டைச் சரிபார்க்கணும்’ என்று யாராவது எதிரே வந்தால் நின்று பேசவே வேண்டாம். ரயிலின் நிலையை ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் நீங்களே பாருங்கள். மூடுபனிக் காலத்தில் தெற்கிலிருந்து வர வேண்டிய பெட்டித் தொடர் தாமதமானால் இங்கிருந்து புறப்படுவதும் தள்ளிப்போகும், மதியமே தெரிந்துவிடும்.

லோதி காலனி:

மாமியாருக்காக மெட்ரோவை மறந்துவிடுங்கள். குதுப் மினார் மெட்ரோ நிலையம் என்று பெயர் இருக்கிறதே தவிர, கோபுரம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். ஹுமாயூனுக்கு ஜேஎல்என் ஸ்டேடியத்தில் இறங்கினாலும் அங்கிருந்து ஆட்டோதான். மலை மந்திருக்காக ஹௌஸ் காஸில் மெஜந்தா வழித்தடத்துக்கு மாறுவதென்றால் ஆழமாக இறங்கி நீளமாக நடக்க வேண்டும். எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் கணக்கில் நாள் வாடகைக்கு டாக்ஸி பேசுங்கள். உங்கள் பாதை முழுவதும் சேர்த்து 45 கிலோமீட்டருக்குள் அடங்கும், நேரம்தான் தாண்டும். கூடுதல் மணிக்கு எவ்வளவு, பார்க்கிங் யார் தலையில் என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ‘எம்போரியம் பத்து நிமிஷம்தான்’ என்று ஓட்டுநர் ஆரம்பித்தால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஒரு மணி நேரம் போகும்.

கார் இருக்கிறதே என்று பெட்டியை அதிலேயே வைத்துவிடாதீர்கள். மேலே கரோல்பாக் 73 சொன்னதுபோல க்ளோக் ரூமில் போட்டுவிட்டு அங்கிருந்து காரைத் தொடங்குங்கள்.

குதுப்பிலிருந்து பன்னிரண்டே கால் மணிக்குக் கிளம்பி, டிஃபென்ஸ் காலனி மார்க்கெட்டில் தென்னிந்தியச் சாப்பாடு. இரண்டரைக்கு ஹுமாயூன். டிசம்பரில் சூரியன் ஐந்தரைக்கே மறைந்துவிடும். பிற்பகலில் போகச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. நாம் உள்ளே நுழைவது மேற்கு வாசல். அந்த நேரத்து வெயில் நேராக அந்த முகப்பின் மேல் விழும், சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் தனித்தனியாகத் தெரியும். காலையில் போனால் எதிர்வெயில்.

ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது, மிராக் மிர்ஸா கியாஸ் வடிவமைத்தது, 1570 வாக்கில் முடிந்தது. ஆக்ரா பார்த்துவிட்டு மறுநாள் இங்கே வருகிறீர்கள் என்பது நல்ல பொருத்தம். தாஜ் மஹாலின் குவிமாடமும் நான்கு பகுதித் தோட்டமும் அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் இங்கே ஒத்திகை பார்த்ததுபோல இருக்கும். பையனை இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஆனால் கல்லறை உயர்ந்த மேடை மேல் இருக்கிறது, படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் உயரம். மாமியார் ஏற வேண்டாம். கீழே தோட்டத்தில் நீர்க்கால்களின் ஓரமாக உட்கார்ந்தாலே கட்டடம் முழுதாகத் தெரியும். டிக்கெட் வாயில் தாண்டியதும் வலப்புறம் ஈசா கானின் கல்லறை, 1547. எண்கோண வடிவம், ஹுமாயூனுடையதைவிடப் பழையது. அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். 2024-இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகமும் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது, அதற்கு டிக்கெட் தனி. நேரம் குறைவென்றால் அருங்காட்சியகத்தை விடுங்கள், ஈசா கானை விடாதீர்கள்.

1857-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான். செங்கோட்டையை அன்றைக்குப் பார்க்க முடியவில்லையே என்று பையன் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினால் ஜாகிர் உசேன் மார்க் வழியாக இந்தியா கேட்டைச் சுற்றி, அசோகா ரோட்டில் நேரே பங்களா சாஹிப். இந்தியா கேட்டைக் காரிலிருந்தே பார்த்துவிடலாம்.

மயூர் விஹார் ஃபேஸ் 1:

மேலே சொன்னதில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் செங்கோட்டையையும் அக்ஷர்தாமையும் ஏன் கைவிட வேண்டும்? சனிக்கிழமை உங்கள் கையில்தானே இருக்கிறது. இந்தியா கேட் எப்படியும் திங்களன்று வழியில் வந்துவிடுகிறது. சனி காலை செங்கோட்டை, பிற்பகல் அக்ஷர்தாம் என்று வைத்துக் கடைவீதியைச் சுருக்குங்கள்.

சனி காலை ஒன்பதரைக்குச் செங்கோட்டையின் லாகோரி கேட். வயலட் வழித்தடத்தில் லால் கிலா நிலையம். கோட்டைக்குள் நடை அதிகம், மாமியாருக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். சத்தா சௌக் கடைகளில் நிற்காமல் நேரே திவான்-இ-ஆம் (பொது மக்கள் மண்டபம்), திவான்-இ-காஸ் (மன்னரின் தனி மண்டபம்). அப்புறம் நேதாஜி அருங்காட்சியகம், 2019-இல் திறந்தது. இந்திய தேசிய ராணுவ வீரர்கள் மீதான விசாரணை 1945-இல் நடந்தது இதே கோட்டையில்தான். மலேயாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதால் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடம்.

கோட்டைக்கு எதிரே இருக்கும் சாந்தினி சௌக் பிரதான வீதியில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. சீஸ்கஞ்ச் குருத்வாரா, குரு தேக் பகதூர் 1675-இல் உயிர் துறந்த இடம், அந்த வீதியிலேயே இருக்கிறது.

அக்ஷர்தாமில் நேரம் போவது கோயிலுக்குள் அல்ல, வாசலில். போன், கேமரா, பவர் பேங்க், இயர்போன், பை எதுவும் உள்ளே போகாது. விடுமுறைக் கூட்டத்தில் அவற்றை ஒப்படைக்கும் வரிசையே நீளம். போன்களைக் காரிலோ அறையிலோ வைத்துவிட்டு டிக்கெட்டுக்குப் பணம் மட்டும் எடுத்துப் போனால் அந்த வரிசையே மிச்சம். உள்ளே போன் இல்லாததால் பிரிந்தால் எங்கே சேர்வது என்று பையனிடம் முதலிலேயே இடம் சொல்லி வையுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை. கோயிலைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, கண்காட்சிகளுக்கும் மாலை நீர்க்காட்சிக்கும் மட்டும்தான்.

உறையூர் வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமையை மாற்றிவிட்டோம், டாக்ஸியும் பேசப் போகிறோம். கடைசியாக பங்களா சாஹிப் பற்றி மட்டும். ஐந்தரைக்குப் போனால் லங்கரில் (குருத்வாராவின் அன்னதானம்) சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போக நேரம் இருக்குமா? மாமியாரால் தரையில் உட்கார முடியாது. நாங்கள் இதுவரை குருத்வாராவுக்குப் போனதில்லை, தவறாக எதுவும் செய்துவிடக் கூடாதே என்று இருக்கிறது.

முனிர்கா வாசி:

தாராளமாக இருக்கும். ஏழரைக்கு வெளியே வந்தால் போதும்.

முதலில் ஜோடா கர், அதாவது செருப்பு வைக்கும் இடம். காசு இல்லை, டோக்கன் தருவார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோரும் தலையை மூட வேண்டும். கணவருக்கும் பையனுக்கும் துணி வாசலிலேயே கூடையில் இருக்கும், ஆனால் சொந்தமாகப் பெரிய கைக்குட்டை கொண்டுபோவது நல்லது. தொப்பி சரிப்படாது. உள்ளே நுழையுமிடத்தில் கால் நனையும்படி தண்ணீர் ஓடும். டிசம்பர் மாலையில் அந்த ஈரக் காலோடு பளிங்கில் நடப்பது மாமியாருக்குத்தான் கஷ்டம். சின்னத் துண்டு ஒன்று எடுத்துப்போய் உடனே துடைத்துவிடுங்கள், விரிப்பு போட்டிருக்கும் பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள். மாற்றுக் காலுறையை வெளியே வந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

தர்பார் என்னும் வழிபாட்டு மண்டபத்தில், சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிப் முன் தரையில் நெற்றி பட வணங்கிவிட்டு ஓரமாக நகருங்கள். முட்டி வளையாதவர் நின்றே கைகூப்பினால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கால் நீட்டி உட்காரக் கூடாது, புத்தகத்துக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, உள்ளே படம் எடுக்கக் கூடாது. அர்தாஸ் என்னும் பிரார்த்தனை சொல்லும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். வெளியே வரும்போது கடா பிரசாதம் தருவார்கள். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் கிண்டியது, நம்மூர்க் கோதுமை அல்வா மாதிரி. இரண்டு கையும் சேர்த்து நீட்டி வாங்குங்கள். நெய் கையில் நிறைய ஒட்டும். கைக்குட்டையில் துடைக்கலாம், பிரசாதத்தை மட்டும் கீழே போட்டுவிடக் கூடாது.

குளக்கரையில் கொஞ்சம் உட்காருங்கள். எட்டாவது குரு ஹர் கிருஷண் 1664-இல் இங்கே ராஜா ஜெய்சிங்கின் பங்களாவில் தங்கி, அம்மை கண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் கவனித்தார். அப்போது அவர் எட்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. பங்களா என்ற பெயர் வந்ததும் அந்த வீட்டால்தான்.

லங்கரில் பந்தி பந்தியாகத்தான் உட்கார வைப்பார்கள். ஒரு பந்தி முடிந்து தரை துடைத்த பிறகே அடுத்ததற்குக் கதவு திறக்கும், அதனால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரொட்டியையும் இரு கையால் வாங்க வேண்டும். பருப்பு, காய், சில சமயம் கீர். வேண்டியதை எத்தனை முறையும் கேட்கலாம், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. மாமியாருக்கு முட்டி வலி என்று வாசலில் நிற்கும் சேவாதாரிடம் (தொண்டர்) முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், ‘குட்னே மே தர்த் ஹை’ என்றால் புரிந்துவிடும். பையனுக்கு ஆசை இருந்தால் ரொட்டி உருட்டும் இடத்தில் உட்காரலாம், யாரும் தடுப்பதில்லை.

ஏழரைக்குக் கனாட் பிளேஸ் சுற்றில் நெரிசல் இருந்தால் கணவர் மட்டும் படேல் சௌக் மெட்ரோவில் ஏறி இரண்டாவது நிறுத்தத்தில் புது டெல்லி இறங்கி க்ளோக் ரூமில் பெட்டிகளை எடுத்து வைக்கட்டும். நீங்கள் மூவரும் காரிலேயே வந்து அதே பக்க வாசலில் இறங்கிக்கொள்ளலாம். ரசீது அவரிடம் இருக்கிறதா என்று பிரிவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.